இடது பின் டயரின் முப்பத்து மூன்று

சென்ற மாதம் கடையிலிருந்து போன் வந்தது. காதர் முதலாளியின் மகன்தான் இப்போது கடையைப் பார்க்கிறார். "அண்ணாச்சி, புதுசா மூணு பேரு வேலைக்குச் சேர்ந்திருக்காங்க. இப்ப வர்ற கார்ல எல்லாம் டயருக்குள்ள சென்சார் வச்சே வருது. நம்ம கடையில முதல்ல அந்த வேலை பார்த்தது நீங்கதான். செத்த நேரம் வந்து உங்க அனுபவத்தச் சொல்லிட்டுப் போங்க" என்றார்.

போனேன். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் அன்று ஓரளவு பேசினேன். டிரைவர் முன்னால் இருக்கும் டயர் விளக்கு எரிவதைப் பார்த்தே கோளாறு எங்கே என்று சொல்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன். வண்டியைக் கிளப்பியதும் விளக்கு ஒரு நிமிஷம் கண்சிமிட்டிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால் சென்சாரில் கோளாறு. சிமிட்டாமல் எடுத்ததுமே நிலையாக எரிந்தால் டயரில் காற்று குறைவு. இந்த வித்தியாசம் தெரியாமல் டயரைக் கழற்றக் கூடாது. இதையெல்லாம் அவர்கள் செல்போனில் குறித்துக்கொண்டார்கள்.

கடைசியில் ஒருவன் கேட்டான். "சென்சார் வேலையில உங்களுக்குத் தப்பு எதுவும் நடந்திருக்கா அண்ணாச்சி?"

"பெருசா ஒண்ணும் இல்லப்பா" என்றேன். டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

வலது தோள்பட்டை இறங்கிப்போனதால் ஐம்பத்தாறு வயதில் வேலையை விட்டவன் நான். படித்தது ஐந்தாவது வரை. தமிழ்ப் பேப்பரை மெதுவாக வாசிப்பேன், எழுதுவேன். ஆங்கிலம் தெரியாது. அன்று அந்தப் பையனிடம் சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

தொழில் பழகியது ராஜபாளையத்தில் ஒரு லாரி டயர் கடையில். மில்லுகளுக்குப் பஞ்சுப் பொதி ஏற்றி வரும் லாரிகள்தான் எங்களுக்கு வேலை. சம்மட்டியும், கடப்பாரை மாதிரி நீண்ட லீவரும்தான் கருவி. அங்கே இறுக்குவது என்றால், இதற்கு மேல் இறுகாது என்று கை சொல்லும்வரை இறுக்குவது. இருபது வருஷம் அப்படியே இறுக்கினேன். அந்தக் கையோடுதான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, காதர் முதலாளி கடைக்கு வந்தேன். கார்க் கடை. டயர் கழற்ற மெஷின், பேலன்ஸ் பார்க்க மெஷின், எல்லாம் உண்டு.

முதலாளி சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வேலை நடக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நாலடி தள்ளி நிற்பார். குறுக்கே பேச மாட்டார். வேலை முடிந்து வண்டி இறங்கியதும் வேலை பார்த்தவனிடம் வந்து, "அனுப்பலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். "அனுப்பலாம் முதலாளி" என்றால் வண்டி போய்விடும். மறுபடி தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். வேறு கடைகளில் முதலாளியே நட்டு நட்டாகத் தட்டிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். தட்டிப் பார்க்கிறவரை ஏமாற்றிவிடலாம். இவரை ஏமாற்ற முடியாது என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கடையில் எது உடைந்தாலும் உடைத்தவன் அதைக் கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைத்துவிட வேண்டும். "யாரு, எப்படின்னு கேக்க மாட்டேன். உடைஞ்சது எங்கண்ணுல படணும், அம்புட்டுதான்" என்பார். கேட்கவும் மாட்டார்.

சென்சார் வைத்த கார்கள் வர ஆரம்பித்த சமயம், மதுரையிலிருந்து ஒருவர் வந்து எங்களுக்கு ஒரு நாள் பாடம் எடுத்தார். தமிழ்தான் பேசினார். ஆனால் பத்து வார்த்தைக்கு எட்டு வார்த்தை ஆங்கிலம். சக்கரத்துக்குள் காற்று வால்வின் அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி இருக்கும், அதற்குள் சின்ன பாட்டரி, அதுதான் காற்றின் அளவை டிரைவர் முன்னால் உள்ள ஸ்கிரீனுக்கு அனுப்பும் என்பது புரிந்தது. வால்வு அலுமினியத்தில் செய்தது, அதன் நட்டை இறுக்கத் தனியாக ஒரு சின்ன ஸ்பானர் உண்டு, அளவு வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும் என்பதைக் காட்டினார். அளவு எவ்வளவு என்பது சென்சாரோடு வரும் தாளில் போட்டிருக்கும் என்றார். நான் தலையாட்டினேன். தாள் முழுக்க ஆங்கிலம். எந்த எண் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. மறுநாள் முதலாளி எல்லார் முன்னிலும், "சென்சார் வேலைன்னா இனிமே சம்முவம் கையிலதான்" என்றார். அந்தச் சின்ன ஸ்பானரை நான் உறையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. கைப்பழக்கத்திலேயே சில வண்டிகள் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

சேகர் என்று ஒரு வாடிக்கைக்காரர். ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிற சின்னத் தறிக்கூடம் வைத்திருந்தார். அவருக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. நாம் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும்.

எல்லோரிடமும் கூச்சப்படுகிற எனக்கு அவரிடம் மட்டும் கூச்சம் இல்லை. பேச வேண்டியதில்லையே. மூன்று விரலை இரண்டு தடவை காட்டினால் முப்பத்து மூன்று பவுண்டு. கட்டை விரலைத் தூக்கினால் சரி. அவர் வந்தால் நான் சிரிப்பேன். "அவரு வந்தாத்தான் சம்முவத்துக்குப் பல்லு இருக்கதே தெரியுது" என்று கடையில் கேலி பேசுவார்கள்.

அவர் ஒரு நாள் மனைவி விஜயாவோடு வந்தார். விளக்கு எரிகிறது என்று கையைக் காட்டினார். கிளப்பிப் பார்த்தேன். சிமிட்டாமல் நிலையாக எரிந்தது. ஸ்கிரீனில் மூன்று சக்கரங்களுக்கு முப்பத்து மூன்று, இடது பின் டயருக்கு இருபத்தாறு.

"இருக்க இருக்க எறங்குது அண்ணாச்சி" என்றது விஜயா. "வாராவாரம் மகாராஜபுரத்துக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறோம். இவியளுக்கு டயர் பஞ்சராகி அடிக்கிற சத்தம் கேக்காதுல்லா. இந்த லைட்டுதான் இவிய காது. அதுக்காவத்தான் இந்த வண்டியவே வாங்குனோம். நல்லாப் பார்த்துக் குடுங்க."

சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்தேன். டயரில் ஆணி இல்லை, வெடிப்பு இல்லை. வால்வின் அடியில் மட்டும் ஊசிமுனை அளவு குமிழி வந்துகொண்டே இருந்தது. யாரோ பித்தளை மூடி போட்டிருந்தார்கள். அலுமினியத்தோடு பித்தளை ஒட்டினால் உப்புப் பூத்து அரித்துவிடும். அரிப்பு மேலோடுதான் இருந்தது; கசிவுக்கு அடியிலிருக்கும் ரப்பர் வாஷரை மாற்றினால் போதும், சென்சாருக்கு ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் வாருங்கள் என்று அவரிடம் கையைக் காட்டினேன். இருவரும் ஆஸ்பத்திரிகளுக்குத் துணி கொடுக்கப் போனார்கள்.

டயரைக் கழற்றினேன். பழைய ரப்பரை எடுத்துப் புதியதைப் போட்டேன். நட்டை இறுக்கினேன். இன்னும் கொஞ்சம் இறுக்கலாம் என்று கை சொன்னது. 'டக்' என்றது. வால்வு அடியோடு முறிந்து கையில் வந்தது.

பெட்டி மட்டும் தனியாகக் கிடந்தது. சென்சார் சேதியைப் படிக்கும் ஸ்கேனரை அருகில் பிடித்தேன். உயிரோடுதான் இருந்தது. ஆனால் வால்வு இல்லாமல் அதைச் சக்கரத்தில் மாட்ட வழியில்லை. புதிய சென்சார் மதுரையிலிருந்து வர நாலைந்து நாள் ஆகும். உடைந்ததை மேஜைமேல் வைத்தால் முதலாளி எதுவும் கேட்க மாட்டார். ஆனால் அந்தச் சின்ன ஸ்பானர் உறை பிரிக்காமல் அலமாரியில் இருப்பதை அவர் பார்ப்பார். எனக்கு அந்தத் தாளை வாசிக்கத் தெரியாது என்பது தெரிந்துபோகும். எனக்கு அதுதான் பெரிதாகப்பட்டது.

வெளியூர் டிரைவர் ஒருவர் எப்போதோ சொன்ன ஒரு வேலை நினைவுக்கு வந்தது. முதலாளி மதியத் தொழுகைக்குப் போன நேரத்தில் செய்தேன். ஒரு சாண் நீளத்துக்கு பி.வி.சி. பைப். இரண்டு பக்கமும் மூடி. ஒரு மூடியில் துளை போட்டு சாதாரண ரப்பர் வால்வு. உள்ளே சென்சார் பெட்டி. பசை போட்டு ஒட்டி, நன்றாகக் காயவிட்டு, முப்பத்து மூன்று பவுண்டு காற்று அடித்தேன். சில கார்களின் சென்சார் சக்கரம் உருண்டால்தான் சேதி அனுப்பும். இது நின்ற இடத்திலேயே அனுப்பும் ரகம். பைப்பைத் துணியில் சுற்றி, டிக்கியின் பக்கவாட்டு அட்டைக்குப் பின்னால் செருகி வைத்தேன். சக்கரத்துக்கும் சாதாரண ரப்பர் வால்வு மாட்டிக் காற்று அடித்தேன்.

ஸ்கிரீனில் நாலும் முப்பத்து மூன்று. விளக்கு அணைந்துவிட்டது.

"அனுப்பலாமா?" என்றார் முதலாளி.

"அனுப்பலாம் முதலாளி."

புதிய சென்சார் வாங்கி, அடுத்த தடவை வரும்போது சத்தமில்லாமல் மாட்டிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாங்கவில்லை. வாங்க வேண்டுமானால் முதலாளி வழியாகத்தான் வாங்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து சேகர் தனியாக வந்தார். காற்று அடிக்க வரவில்லை. நோட்டை எடுத்து எழுதிக் காட்டினார். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். "ஓடி ஓடிச் சூடானா மூணு டயர் 36 ஆகுது. இது மட்டும் 33லயே நிக்குது. ஏன்?"

காது கேட்காதவர் கண்ணால் அந்த ஸ்கிரீனை எப்படிப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. டயர் உருண்டால் சூடாகும், சூடானால் காற்று ஏறும். டிக்கியில் கிடக்கும் பைப்புக்கு ஏது சூடு?

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்ததில்லை. கடையில் அப்போது வேறு யாரும்கூட இல்லை. நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் சிரித்தார். என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரத்திலிருந்து சேகர் திரும்பி வரும்போது இடது பின் டயரில் ஆணி ஏறிவிட்டது. காற்று இறங்கி, டயர் துணி மாதிரி அடித்துக்கொண்டு வந்திருக்கிறது. விஜயாவும் அதன் அம்மாவும் பின்சீட்டில் தூங்கிவிட்டார்கள். பைக்கில் வந்த இரண்டு பேர் கத்தியிருக்கிறார்கள். யாருக்குக் கேட்கும்? ஒரு வளைவில் வண்டி பின்பக்கம் இழுத்துக்கொண்டு ரோட்டை விட்டு இறங்கி, வாய்க்கால் கரையில் போய் நின்றது. மாமியாருக்கு மணிக்கட்டில் எலும்பு விலகிவிட்டது. மற்ற இருவருக்கும் சிராய்ப்பு.

மறுநாள் ஸ்டெப்னி மாட்டி வண்டியை எங்கள் கடைக்கே கொண்டுவந்தார்கள். ஓட்டி வந்தது விஜயாவின் அண்ணன் பாஸ்கரன். சேகர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கிழிந்த டயரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பாஸ்கரன் கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். "நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன். காது கேக்காத மனுசன் கையில வண்டியக் குடுக்காதீக, குடுக்காதீகன்னு. இப்ப எங்கம்மா கையி போச்சு. கேட்டா, ஸ்கிரீன்ல முப்பத்து மூணு காட்டுச்சாம்! எழுதிக் குடுக்காரு. கண்ணசந்துட்டுக் கதை விடுதாரு."

சேகர் அவர் வாயைப் பார்த்தார். வேகமாகத் தலையை ஆட்டினார். மூன்று விரலை இரண்டு தடவை காட்டினார். மறுபடி காட்டினார். என் பக்கம் திரும்பி எனக்கும் காட்டினார்.

"நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. நீங்கதான வேலை பாத்தது. டயர்ல காத்து எறங்குனா லைட்டு எரியுமா, எரியாதா?" என்றார் பாஸ்கரன்.

"எரியும்" என்றேன்.

சேகர் என் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காட்டிய விரல்களை மெல்ல மடக்கிக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்தார்.

அன்று புது டயர் மாட்டும்போது யாருக்கும் தெரியாமல் பைப்பை எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். பைப் போனதும் அந்த டயருக்கு எண் காட்டாது என்று தெரியும். "அதிர்ச்சியில சென்சாரு அடிபட்டுட்டு" என்று பாஸ்கரனிடம் சொன்னேன். அதுவும் என் வாயிலிருந்து சுலபமாக வந்தது. கூச்ச சுபாவம் உள்ளவனுக்குப் பொய் சொல்ல வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு வார்த்தையில் முடியும் என்றால் பொய்தான் எங்களுக்கு வசதி.

சேகரிடமிருந்து சாவியை வாங்கிவிட்டார்கள். துணிக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவர் பஸ்ஸில் வந்து இறங்குவதை இரண்டு தடவை பார்த்தேன். கண்டக்டர் விசில் அடிப்பது கேட்காமல் ஒரு தடவை ஓடுகிற பஸ்ஸிலிருந்து தடுமாறி இறங்கினார். நான் கடைக்குள் போய் நின்றுகொண்டேன். பன்னிரண்டாவது நாள், சனிக்கிழமை, ஒருவர் கடைக்குப் போன் போட்டார். சேகர் வண்டியை விலைக்கு வாங்கப்போவதாகவும், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்ப் பார்க்கப்போவதாகவும், டயர் எல்லாம் எப்படி என்றும் விசாரித்தார். போனை எடுத்தது நான்தான்.

வண்டி கைமாறிவிட்டால் இனி சேகர் ஸ்டியரிங்கைத் தொடப்போவதில்லை. அவர் கண்ணசந்தார் என்பதும் நிலைத்துவிடும்.

பைப்பைக் கொண்டுபோய் முதலாளி மேஜைமேல் வைத்தேன். அவர் எடுத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே பெட்டி உருண்டது. அவருக்குப் புரிய அரை நிமிஷம்கூட ஆகவில்லை. யாரு, எப்படி என்று கேட்கவில்லை.

"இத எங்கிட்ட வச்சு என்ன செய்ய சம்முவம்?" என்றார். "வண்டிக்காரர்ட்ட கொண்டு போ."

"நீங்களும் வாங்க முதலாளி."

"நான் வரல. நான் வந்தா, கடை தப்புன்னு ஆயிரும். உம்பேரு உள்ள ஒளிஞ்சிக்கிடும். நீயே போ. நான் மதுரைக்கு சென்சாருக்குச் சொல்லி வைக்கேன்." அலமாரியில் உறை பிரிக்காமல் கிடந்த ஸ்பானரைப் பார்த்துவிட்டு, "வாசிக்கத் தெரியலன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா. எனக்கும்தான் அந்தத் தாளு தெரியாது. மவனக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லித்தான் கேட்டேன்" என்றார். அவர் என்னை அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

போய்ச் சொல்லிவிடலாம்தான். ஆனால் விஜயாவிடமோ பாஸ்கரனிடமோ சொன்னால் அது சேகரைத் தாண்டி மற்றவர்களின் பேச்சாகிவிடும். அவருக்கு முதலில் தெரிய வேண்டும். அதனால் ஒரு தாளில் எழுதினேன். "உங்கள் சென்சாரை நான் உடைத்தேன். இந்தப் பைப்பில் போட்டு டிக்கியில் வைத்தேன். ஸ்கிரீன் பைப்பின் காற்றைத்தான் காட்டியது. நீங்கள் பார்த்த 33 உண்மை. நான் எரியும் என்று சொன்னது பொய். சண்முகம்." நாலு தாள் கிழித்துப்போட்டு ஐந்தாவதில் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் அவர் வீட்டு வாசலில் வண்டி கழுவி நின்றது. வாங்க வந்தவர் டயரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்கரன், விஜயா, கையில் கட்டோடு மாமியார், எல்லோரும் இருந்தார்கள். சேகர் படியில் உட்கார்ந்திருந்தார். நேரே அவரிடம் போய்த் தாளையும் பைப்பையும் கொடுத்தேன்.

வாசித்தார். பைப்பைக் காதருகே கொண்டுபோகாமல், உள்ளங்கையில் வைத்து ஆட்டி அதன் அசைவைப் பார்த்தார். மறுபடி வாசித்தார். எழுந்து போய்த் தாளை விஜயாவிடம் கொடுத்து, சத்தமாக வாசி என்று கையைக் காட்டினார். நான் நின்றேன். நின்று கேட்க வேண்டும் என்பது போல அவர் என் முழங்கையைப் பிடித்திருந்தார்.

விஜயா வாசித்து முடித்ததும் முதலில் பேசியது மாமியார்தான். "ஏலே பாஸ்கரா, மருமவன் அன்னைக்கே விரலக் காட்டுனாருல்லா. நீ என்ன பேச்சுப் பேசுன!"

பாஸ்கரன் என்னை அடிக்க வருவது போல வந்தார். "வயசான மனுசன் மாதிரியாய்யா இருக்கீரு? எரியும்னு எம்மூஞ்சிக்கு நேராச் சொன்னீரேய்யா!"

"விடுண்ணே" என்றது விஜயா. என் பக்கம் திரும்பியது. "உங்கள நம்பித்தான அண்ணாச்சி பின்னால நாங்க தூங்குனோம்."

மன்னிப்பு என்ற வார்த்தை எழுதும்போதும் வரவில்லை, அப்போதும் வரவில்லை.

சேகர் என் கையை விட்டார். பாஸ்கரன் முன்னால் போய் உள்ளங்கையை நீட்டினார். சாவி அதில் விழுந்தது. வாங்க வந்தவரிடம் இல்லை என்று கையை ஆட்டிவிட்டு, வண்டியைத் திறந்து உட்கார்ந்தார். முன்பக்க இடது கதவைத் தள்ளித் திறந்து என்னைப் பார்த்தார். நோட்டில் ஒரே வார்த்தை எழுதிக் காட்டினார். "கடைக்கு."

புது சென்சார் இன்னும் வந்திருக்கவில்லை. அதை அவருக்குச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஏறி உட்கார்ந்தேன். ஸ்கிரீனில் மூன்று டயர்களுக்கு எண்கள் இருந்தன. இடது பின் டயரின் இடத்தில் இரண்டு சின்னக் கோடுகள். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டையும், அந்தக் கோடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, மெதுவாக ஓட்டினார்.

வழியில் வன்னியம்பட்டி அருகே ஓரமாக நிறுத்தினார். இறங்கினார். வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரிலும் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். காற்று குறைந்த டயர் மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும். அதை அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை, தொட்டுத் தொட்டுப் பார்த்தே கற்றிருக்கிறார். இடது பின் டயரின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, நெடுநேரம் கையை எடுக்காமல் வைத்திருந்தார்.

முப்பது வருஷத்துக்கு மேல் டயர் பார்த்தவன் நான், மூன்றடி தூரத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னை இறங்கிப் பார்க்கச் சொல்லவில்லை.